வயிற்றில் ஒட்டிய நானோ பட்டை

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. பல வருடமாக இன்சுலின் போடுகிறார். ஃபோனில் விளம்பரம் பார்த்து 'நானோ சுகர் பேட்ச்' வரவழைத்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு, ஊசியைப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஒட்டிய இடம் அரிக்கிறது. இரண்டு வாரமாகத் தாகம் அதிகம், ஆளும் மெலிந்துவிட்டார். நானோ துகள் ரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுக்கும் என்று யூடியூபில் சொல்கிறார்களே, உண்மையா டாக்டர்?
- வாசகி, வீரவநல்லூர்

பதில்: முதலில் யூடியூபை மூடுங்கள் அம்மா. அப்பா மெலிவதற்கும் தாகத்துக்கும் போடாமல் விட்ட இன்சுலின்தான் காரணமாக இருக்கும். இன்றே சர்க்கரையைப் பாருங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இன்றே பேசி ஊசியைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டை ஏன் ஊசிக்கு ஈடாகாது என்று கேளுங்கள். தோலின் மேலடுக்கு தலைமுடியைவிட மெல்லியது, ஆனால் பலே காவல்காரன். சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேற்பட்ட மூலக்கூறை லேசில் உள்ளே விடாது. நிக்கோடின் 162 டால்டன், அதனால் அதன் பட்டை வேலை செய்கிறது. இன்சுலினோ சுமார் 5,800. இந்தக் காவலைத் தாண்டத்தான் மிகச் சிறிய ஊசிகள் பதித்த நுண்ணூசிப் பட்டை என்று ஆராய்ச்சி நடக்கிறது. 2020-ல் அமெரிக்காவில் சிறு ரகப் பன்றிகளிடம் சர்க்கரை குறைந்ததாக முடிவு வெளியானது. பன்றிக்குக் குறைந்தது, வீரவநல்லூருக்குக் கூரியரில் வந்துவிட்டதா? ஊசிக்குப் பதிலாக ஒட்டிக்கொள்ளும் இன்சுலின் பட்டை எந்த மருந்துக்கடையிலும் கிடையாது. சிலர் கையில் ஒட்டியிருப்பது சென்சார். அது அளக்கும், குறைக்காது.

நீங்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியது இதை: வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சாக வேகமாக மூச்சு வாங்குவது, கேட்டதற்குப் பதில் சொல்லாத மயக்கம். இன்சுலின் குறைந்த உடம்பில் ரத்தம் அமிலமாகிறது என்று அர்த்தம். உயிருக்கே ஆபத்து. நம்ம ஊரில் வாந்தி என்றதும் "சூடு பிடிச்சிருக்கும்" என்று சுக்குத்தண்ணியில் கருப்பட்டியைப் போட்டுக் கொடுப்பார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான்! விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரிக்கோ, நெல்லை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கோ உடனே கொண்டுபோங்கள்.

அரிப்பு பட்டையை எடுத்தால் அநேகமாகப் போய்விடும். கொப்புளமோ புண்ணோ வந்தால் காட்டுங்கள். அப்புறம், டாக்டரைப் பார்க்கப் போகும்போது பட்டையையும் அதன் அட்டைப்பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் என்ன மருந்து என்று எழுதியிருக்கிறதா, எழுதவே இல்லையா என்று அவர் பார்க்க வேண்டும்.