சுஜாதா வேலையை விட்டாரா?

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். பள்ளி நாளிலிருந்தே எழுத்தாளர் சுஜாதா மேல் பைத்தியம். ஆன்லைனில் நாலைந்து க்ரைம் கதைகள் எழுதி, கொஞ்சம் வாசகர்களும் சேர்ந்துவிட்டார்கள். அவரைப் போலவே எழுத்தை நம்பி வாழலாம் என்று வேலையை விட முடிவு செய்திருக்கிறேன். மனைவி, "வீட்டுக் கடனை யார் கட்டுவது?" என்று பேச மறுக்கிறாள். போதாக்குறைக்கு, இலக்கியம் பேசும் நண்பன் ஒருவன், "சுஜாதாவே வெறும் வாரப் பத்திரிகைச் சரக்கு, அதற்கா வேலையை விடுகிறாய்?" என்கிறான். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: தம்பி, வேலையை விடாதீர்கள். உங்கள் மனைவி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

"அவரைப் போலவே" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. சுஜாதா எழுத்தை நம்பிப் பிழைத்தவர் இல்லை. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்த எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர், முதலில் விமானப் போக்குவரத்துத் துறையிலும் பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸிலும் ஓய்வு பெறும் வயதுவரை மாதச் சம்பளம் வாங்கினார். வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் கதைகளில் துப்பறியும் வக்கீல்களான கணேஷும் வசந்தும், ஓவியர் ஜெயராஜின் படங்களோடு வாராவாரம் கொலைகாரனைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், அவர்களைப் படைத்தவர் ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்தார்.

அவசரப்படுகிறவர்களுக்கு நான் காட்டும் கணக்கு ஒன்று இருக்கிறது. அவருடைய முதல் கதை 1953-ல் 'சிவாஜி' என்ற திருச்சிப் பத்திரிகையில் வந்தது. குமுதத்தில் 'நைலான் கயிறு' தொடர்கதையாக வந்தது 1968-ல். நடுவில் பதினைந்து வருஷம். அந்த இடைவெளியில் வீட்டு வாடகை கொடுத்தது கதை இல்லை, சம்பளம். 'சுஜாதா' என்ற பெயரே மனைவியுடையது. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் இருந்ததால் குழப்பம் வேண்டாமென்று வைத்துக்கொண்டார்.

சம்பளம் இன்னொன்றும் செய்தது என்பது என் அபிப்பிராயம். 1857 கலகத்தை வைத்துக் குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' எழுத ஆரம்பித்தார். ஒரு சமூகத்தாரின் எதிர்ப்பு மிரட்டல்வரை போய், தொடர் பாதியில் நின்றது. பிற்பாடு மாற்றி எழுதி 'ரத்தம் ஒரே நிறம்' என்று முடித்தார். அடுத்த வாரச் சன்மானத்தில்தான் அடுப்பெரியும் என்றிருந்த ஆசாமியாக இருந்தால், பத்திரிகைக்காரர் சொன்ன இன்னொரு குடும்பக் கதையை மறுநாளே ஆரம்பித்திருப்பார். 'என் இனிய இயந்திரா' தொடரில் வரும் இயந்திர நாய் ஜீனோவை விகடன் வாசகர்கள் நம்பியதற்கும் அவர் வேலை ஒரு காரணம். மெஷின் எப்படி ஓடுகிறது, எங்கே பழுதாகிறது என்று பார்த்த கை எழுதியது அது. நீங்கள் நாள் முழுக்க மென்பொருளில் 'பக்', அதாவது பிழை, தேடுகிறீர்கள். க்ரைம் எழுதுகிறவனுக்கு அதைவிடப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

இந்தியன், முதல்வன், சிவாஜி படங்களுக்கு வசனம் எழுதியது பெங்களூர் வேலை முடிந்த பிறகு. 2008 பிப்ரவரியில் அவர் காலமானார். 'எந்திரன்' 2010-ல் வந்தபோது வசனத்தில் அவர் பெயரும் இருந்தது.

"எங்க ஊர் ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறு நாவலுக்கு மேல் எழுதவில்லையா?" என்று கேட்பீர்கள். எழுதினார். அது பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் மாத நாவல்கள் கிளிப் போட்டுத் தொங்கிய காலம். ராத்திரி பஸ்ஸுக்கு ஒன்று வாங்கி, ஊர் வந்து சேருமுன் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவோம். இப்போது அதே பஸ்ஸில் எல்லார் கையிலும் செல்போன். புத்தகமாகப் போட்டால் ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம். 250 ரூபாய்ப் புத்தகம் ஆயிரம் பிரதி விற்றால் உங்களுக்கு 25,000. ஆயிரம் பிரதி விற்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். இ.எம்.ஐ. மாதாமாதம் வரும்.

இனி நண்பர் விவகாரம். அவர் பேச்சில் அரைப்பங்கு உண்மை. சுஜாதாவின் தொடர்களில் பல, ஆரம்பத்தில் பறந்து கடைசி இரண்டு அத்தியாயத்தில் பொத்தென்று விழும். வசந்தின் பெண்களைப் பற்றிய பேச்சை இன்றைக்குப் படித்தால் எனக்கே நெளிகிறது. (வசந்த் அடிக்கடி சொல்ல வரும் மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கைக் கடைசிவரை சொல்லாமலே விட்டதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.) ஆனால் அதே மனிதர் 'நகரம்' எழுதியிருக்கிறார். கிராமத்திலிருந்து காய்ச்சலில் துவளும் மகளை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறாள் ஒரு தாய். துண்டுச் சீட்டோடு அறை அறையாக அலைகிறாள், வருமானம் எவ்வளவு என்று ஒருவர் கேட்கிறார், நாளைக் காலையில் வா என்கிறார்கள். ஒருத்தரும் கெட்டவரில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள். டாக்டரைத் திட்டி ஒரு வரிகூட எழுதாமல் அந்தக் கொடுமையைக் காட்டிவிட்டார். நண்பரிடம் அந்த ஒரு கதையைக் கொடுங்கள். அப்புறம் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற பெயரில் கணையாழி என்ற இலக்கிய இதழின் கடைசிப் பக்கத்தில் எழுதியது யார், மனுஷ்யபுத்திரனின் 'கால்களின் ஆல்பம்', நா. முத்துக்குமாரின் 'தூர்' கவிதைகளை மேடையில் தூக்கிப்பிடித்தது யார் என்றும் கேளுங்கள். நண்பர் போற்றும் சிற்றிதழ்க் கவிதையைக் குமுதம் வாசகனிடம் கொண்டுபோனவர் அந்த 'வாரப் பத்திரிகைச் சரக்கு'தான்.

உங்களுக்கு என் யோசனை இது. வேலையில் இருந்துகொண்டே பன்னிரண்டு அத்தியாயத்தில் ஒரு தொடர். முதல் அத்தியாயம் வெளியே போகுமுன் பன்னிரண்டாவதை எழுதி முடித்துவிடுங்கள்; குருநாதர் சறுக்கிய இடம் அதுதான். எழுத்தில் வரும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, பாஸ்புக்கை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். அது சம்பளத்தில் பாதியைத் தொட்டு ஒரு வருஷம் நிலைத்தால், வேலையை விடும் பேச்சை அவரே எடுக்கட்டும்.