பி சைடுதானே, யார் கேக்கப் போறா?

கேள்வி: ஒரே ஒரு பாட்டு ஹிட் குடுத்துட்டு காணாம போனவங்கள 'ஒன் ஹிட் வொண்டர்'னு சொல்லி இன்னிக்கும் கொண்டாடுறாங்களே, அது சும்மா லாட்டரி அடிச்ச மாதிரிதானே சார்? திறமை இருந்தா ரெண்டாவது ஹிட் வந்திருக்குமே? போகட்டும், இங்கிலீஷ் பாட்டுல அப்படி உங்களுக்குப் புடிச்சது எது?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். கார்ல் டக்ளஸ் பாடின 'குங்ஃபூ ஃபைட்டிங்', 1974. இப்ப அந்த லாட்டரிக்கு வர்றேன், ஏன்னா அந்த வார்த்தையப் படிச்சதும் எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு.

அந்தப் பாட்டு எப்படிப் பதிவாச்சுன்னு கேளுங்க. லண்டன்ல ஒரு ஸ்டுடியோ, மூணு மணி நேரத்துக்குத்தான் எடுத்திருக்காங்க. புரொட்யூசர் பேரு பிட்டு, பெங்களூர்ல பொறந்து அங்கயே பேண்ட்ல வாசிச்சிட்டு இருந்துட்டு அறுபதுகளோட கடைசில லண்டனுக்குக் கிளம்பிப் போன ஆளு. பாட வந்தவர் ஜமைக்காவுல பொறந்த டக்ளஸ். அன்னிக்குப் பதிவு பண்ண வந்ததே வேற பாட்டு, 'ஐ வாண்ட் டு கிவ் யூ மை எவ்ரிதிங்'னு ஒண்ணு, அதுக்கே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடிருச்சு. அப்பல்லாம் சிங்கிள் ரெக்கார்டுன்னா ஏழு இஞ்ச் தட்டு, ஏ சைடுல கம்பெனி நம்புற பாட்டு இருக்கும், திருப்பிப் போட்டா பி சைடுல இன்னொண்ணு, அது எதுவா இருந்தாலும் சரி ஆனா காலியா விட முடியாது. கைல வேற வரி எதாச்சும் எழுதி வச்சிருக்கீங்களான்னு பிட்டு கேக்குறாரு, டக்ளஸ் எடுத்துக் காட்டுறாரு, அதுல ஒண்ணு குங்ஃபூ. அங்கயே மெட்டப் போட்டு, மிச்சம் இருந்த கடைசி பத்து நிமிஷத்துல ரெண்டே டேக்குல முடிச்சிட்டாங்க. நடுவுல வர்ற அந்த 'ஹூ', 'ஹா' சத்தமெல்லாம் பி சைடுதானே யாரு கேக்கப் போறாங்கன்னு இஷ்டத்துக்குப் போட்டதுதான்னு பிட்டுவே பிற்பாடு சொல்லியிருக்காரு. கம்பெனில ரெண்டையும் கேட்ட ஒருத்தர்தான், தட்டைத் திருப்புங்க இதுதான் ஏ சைடுன்னு நின்னாரு. அந்த வருஷமே இங்கிலாந்துலயும் நம்பர் 1, அமெரிக்காவுலயும் நம்பர் 1.

பத்து நிமிஷம்தானே, அப்ப லாட்டரிதானேன்னு சொல்லுவீங்க. கை பழகினவங்களாலதான் சார் பத்து நிமிஷத்துல ரசம் வைக்க முடியும். டக்ளஸ் அறுபதுகள்லேர்ந்தே இங்கிலாந்துல பேண்ட் வச்சுப் பாடிட்டு இருந்தவர், பிட்டுவும் வந்த நாள்லேர்ந்து ஸ்டுடியோ ஸ்டுடியோவா ஏறி இறங்கினவர், அந்த ரெண்டு பேரோட அத்தன வருஷமும் சேந்துதான் அந்தப் பத்து நிமிஷம். அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. புரூஸ் லீ செத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, ஊரெல்லாம் குங்ஃபூ படம் ஓடிட்டு இருந்துச்சு. ஆனா அந்த நேரத்துல குங்ஃபூவ வச்சு யாரு வேணா பாட்டு போட்டிருக்கலாமே, அம்பது வருஷமா நிக்கறது இது ஒண்ணுதானே.

அடுத்து, காணாம போனாங்கன்னு எழுதியிருக்கீங்க. டக்ளஸுக்கு அந்த அளவுக்கு இன்னொரு பாட்டு வரல, ஒத்துக்கறேன். பிட்டு? 1976ல டீனா சார்ல்ஸ்ங்கற பாடகிய வச்சு திரும்பவும் இங்கிலாந்துல நம்பர் 1. 1980ல 'குர்பானி' படத்துல வர்ற 'ஆப் ஜைசா கோயி' அவர் மெட்டுதான், பாடின நாஸியா ஹசனுக்கு அப்ப 15 வயசு. 1995ல அலிஷா சினாயோட 'மேட் இன் இந்தியா', அதுவும் அவர்தான். உங்க வீட்டு டிவில அந்தப் பாட்ட நீங்களே பாத்திருப்பீங்க, பின்னாடி இருந்த ஆள் யாருன்னு கேட்டிருக்க மாட்டீங்க.

அதோட இந்த 'ஒரே ஹிட்'டுங்கற கணக்கு இருக்கே, அது எந்த ஊர்ல நின்னு எண்றீங்கங்கறதப் பொறுத்தது. சாஃப்ட் செல்னு ரெண்டு பேர், மார்க் ஆல்மண்ட், டேவ் பால், லீட்ஸ்ல ஒண்ணாப் படிச்சவங்க. 1981ல 'டெயின்டட் லவ்' போட்டாங்க, அமெரிக்காவோட ஹிட் பாட்டு வரிசையான பில்போர்டு பட்டியல்ல 43 வாரம் இருந்துச்சு, அதுக்கப்புறம் அங்க ஒண்ணும் ஓடல, அதனால அமெரிக்காக்காரன் எழுதற எல்லா ஒன் ஹிட் வொண்டர் பட்டியல்லயும் இவங்க பேரு இருக்கும். அதே ஆளுங்க இங்கிலாந்துல அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள இன்னும் நாலு பாட்ட முதல் அஞ்சு இடத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. ஜெர்மனியோட நேனாங்கற பேண்டும் அப்படித்தான். '99 லுஃப்ட்பலோன்ஸ்' ஒண்ணுதான் வெளியூர்க்காரனுக்குத் தெரியும், அவங்க ஊர்ல போய்க் கேளுங்க, சிரிப்பாங்க.

சாஃப்ட் செல் கதையில எனக்கு மனசு வலிக்கற இடம் ஒண்ணு இருக்கு. 'டெயின்டட் லவ்' அவங்க எழுதினது கிடையாது, எட் காப் எழுதின பழைய பாட்டு. பி சைடுக்கும் சொந்தப் பாட்டு வைக்காம, சுப்ரீம்ஸ்ங்கற அமெரிக்கப் பாடகிகள் குழு பாடின 'வேர் டிட் அவர் லவ் கோ'வ எடுத்துப் பாடி வச்சிட்டாங்க. ஒரு சிங்கிள் வித்தா பாட்டெழுதினவங்களுக்குப் போற ராயல்டி ரெண்டு பக்கத்துக்கும் சரிபாதி, தட்டைத் திருப்பிக் கேட்டானா இல்லையாங்கறது கணக்குலயே வராது. பின்னாடி பக்கம் சொந்தப் பாட்டு ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா அத்தன லட்சம் தட்டுலயும் பாதி இவங்களுக்கு வந்திருக்கும். எழுதினவங்க பங்குல ஒரு காசு வரல. லாட்டரி அடிச்சவங்க கதையா சார் இது?

அதே பாட்ட மொதல்ல பாடினது குளோரியா ஜோன்ஸ், 1965ல, அதுவும் ஒரு பி சைடு. யாரும் சீண்டல. எட்டு வருஷம் கழிச்சு இங்கிலாந்துலேர்ந்து அமெரிக்கா போன ஒரு டிஜே பழைய தட்டுக் குவியல்ல அத எடுத்துட்டு வந்து வட இங்கிலாந்து டான்ஸ் கிளப்புகள்ல போட, அங்க தீயாப் பரவிச்சு, அப்படித்தான் அது சாஃப்ட் செல் கைக்கே வந்துச்சு. குளோரியாவும் சும்மா இருக்கல, மோட்டவுன்ங்கற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிக்குப் பாட்டெழுதிட்டு இருந்தாங்க.

உங்க கேள்விய படிச்சப்போ கடைசியா ஞாபகத்துக்கு வந்தது 'மக்கரீனா'ங்கற டான்ஸ் பாட்டுதான். 1996ல எங்க அக்கா மொட்ட மாடில நிக்க வச்சு சொல்லிக் குடுத்தா, வலது கை முன்னாடி, இடது கை முன்னாடி, உள்ளங்கையத் திருப்பு, தோள், தலை, இடுப்பு, அப்புறம் ஒரு குதி குதிச்சுத் திரும்பு. பாடினது யாருன்னு எங்களுக்குத் தெரியாது, யாரோ சின்னப் பசங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். லாஸ் டெல் ரியோ, ஸ்பெயின்ல செவில் பக்கத்துக்காரங்க, 1962லேர்ந்து ஜோடியாப் பாடிட்டு இருக்கறவங்க. 1992ல வெனிசுவேலாவுல ஒரு விருந்துல ஃபிளமெங்கோங்கற ஸ்பெயின் டான்ஸ் சொல்லிக் குடுக்கற ஒரு டீச்சர் ஆடினதப் பாத்து அந்த எடத்துலயே வாயில வந்த வரிதான் பாட்டாச்சு, 1993ல வெளியாச்சு, அப்புறம் மயாமில ரீமிக்ஸ் பண்ணி அமெரிக்காவுல 14 வாரம் நம்பர் 1. அப்ப அவங்க ரெண்டு பேருக்கும் அம்பது வயசு நெருங்கிட்டு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி முப்பது வருஷத்துக்கு மேல ஊர் ஊராப் பாடினாங்களே, அத எந்தக் கணக்குல எழுதறீங்க?

ஒரு வேலை குடுக்கறேன், இன்னிக்கு ராத்திரி செய்யுங்க. மொதல்ல குளோரியா ஜோன்ஸ் பாடின 'டெயின்டட் லவ்', அந்த வேகத்தையும், டிரம்பெட் மாதிரி ஊதுற பிராஸ் வாத்தியங்களையும் கவனிங்க. அப்புறம் சாஃப்ட் செல், அதே மெட்ட மெதுவாக்கி, சிந்தசைசர்ல அந்த ரெண்டு தட்டு தட்டி, குளிரக் குளிரப் பாடியிருப்பாங்க. எது புடிச்சதுன்னு எழுதுங்க. நான் இன்னும் குளோரியா பக்கம்தான்.