பிறப்புறுப்பு ஹெர்பீஸ்: பெண்கள் கேட்டவை, மகப்பேறு மருத்துவர் சொன்னவை

கேள்வி: நான்கு நாட்களாகக் காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. பிறப்புறுப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் உடைந்து புண்ணாகிவிட்டன. சிறுநீர் கழிக்கவே பயமாக இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைப் போட்டதும் எரிச்சல்தான் கூடியது.

பதில்: முதலில் அந்தக் களிம்பைத் தூக்கிப் போடுங்கள். படர்தாமரைக்கு என்று கடைகளில் கொடுக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது வைரஸுக்குத்தான் உதவும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உடலுறவில் பரவும் வைரஸ் தொற்றான ஹெர்பீஸ் முதல்முறை தலைகாட்டுவது போல இருக்கிறது. இதில் முதல் தடவைதான் மிகக் கடுமையாக இருக்கும்; மருந்தில்லாமல் விட்டால் ஆற 2 முதல் 4 வாரம் ஆகும். நாளைக்கு என்று தள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். புண் ஈரமாக இருக்கும்போதே பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. பொருக்குத் தட்டிவிட்டால் வைரஸ் அகப்படாமல் போகலாம். வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிர் 400 மி.கி. மாத்திரையை மூன்று வேளையாக 7 முதல் 10 நாட்கள் தருவார்கள். கூடவே சிஃபிலிஸ், எச்.ஐ.வி. சோதனைகளையும் செய்துகொள்ளுங்கள்.

எரிச்சலுக்கு ஒரு வழி: வெதுவெதுப்பான நீரைக் குவளையால் மேலே ஊற்றிக்கொண்டே சிறுநீர் கழியுங்கள். எரிகிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்ந்தால் இன்னும் எரியும். சிறுநீர் இறங்காமலே அடைத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: திருமணமாகி ஒன்பது வருடம். இப்போதுதான் எனக்கு இது வந்திருக்கிறது. கணவர் எங்கோ தவறு செய்திருக்கிறார் என்று இரு வீட்டாரும் பேச உட்கார்ந்துவிட்டார்கள்.

பதில்: அந்தப் பஞ்சாயத்தை ஒத்திவையுங்கள், அம்மா. இந்த வைரஸ் முதுகுத்தண்டின் அடிப்பக்க நரம்பு முடிச்சுகளில் வருடக்கணக்கில் பதுங்கியிருக்கும். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. முதலில் கண்ணுக்குத் தெரிந்த புண் நேற்று வந்த தொற்றாகவும் இருக்கலாம், திருமணத்துக்கு முன்பே உங்கள் இருவரில் ஒருவருக்கு வந்ததாகவும் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகை. முதல் வகை, உதட்டோரம் வந்தால் பூச்சி கடித்துவிட்டது என்று நாம் விட்டுவிடும் கொப்புளம். 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. வாய்வழி உறவால் அது பிறப்புறுப்புக்கும் வரும். உங்கள் கணவருக்கு நற்சான்றிதழ் கொடுக்க நான் வரவில்லை. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது, அவ்வளவுதான்.

கேள்வி: இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. கர்ப்பத்தைப் பாதிக்கும் தொற்றுகளைத் தேடும் டார்ச் ரத்தப் பரிசோதனையில் ஹெர்பீஸ் ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. எனக்குப் புண் எதுவும் வந்ததே இல்லை.

பதில்: இந்தச் சோதனைச் சீட்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஐ.ஜி.எம். என்பது தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஒருவகை எதிர்ப்பொருள். ஹெர்பீஸ் ஐ.ஜி.எம். புதிய தொற்றையும் பழைய தொற்றையும் பிரித்துக் காட்டாது. தொற்றே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் என்று வரும். இதை நம்பி அழவும் வேண்டாம், மாத்திரை விழுங்கவும் வேண்டாம். தொடர்ந்து கரு கலைவதற்குத் தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் ஆகியவற்றைப் பாருங்கள். பணத்தை அங்கே செலவழியுங்கள்.

கேள்வி: எனக்கு இப்போது எட்டாம் மாதம். முன்பு இரண்டு முறை புண் வந்திருக்கிறது. சுகப்பிரசவம் ஆகுமா?

பதில்: ஆகும். 36-வது வாரத்திலிருந்து பிரசவம் வரை ஏசைக்ளோவிர் தருவோம். வலி எடுக்கும் நாளில் புண்ணோ, புண் வருவதற்கு முன்பான குறுகுறுப்போ இருந்தால் மட்டும் சிசேரியன். பழைய தொற்றுள்ள தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் ஆபத்து மிகக் குறைவு. கடைசி மூன்று மாதத்தில் முதன்முதலாகத் தொற்றுவதுதான் பயங்கரம். அப்போது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பிரசவ அறையில் பணியில் இருக்கும் மருத்துவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், மாமியார் பக்கத்தில் நின்றால் அவரை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டாவது சொல்லுங்கள். பிறந்த முதல் வாரங்களில் குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சல், வலிப்பு, கொப்புளம் கண்டாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். மார்பில் புண் இல்லாதவரை தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: இந்தக் கொப்புளங்களைப் பாட்டி அக்கி என்கிறார். காவி எழுதச் சொல்கிறார்.

பதில்: அக்கி என்பது சின்னம்மை வைரஸ் மறுபடி விழிப்பதால் வருவது. இது வேறு வைரஸ். திறந்த புண்ணில் காவி மண்ணைப் பூசினால் சீழ்தான் பிடிக்கும்.

கேள்வி: முழுமையாகக் குணமாகுமா? கணவருக்குப் பரவாமல் தடுப்பது எப்படி?

பதில்: வைரஸை உடலிலிருந்து ஒழிக்க மருந்து இல்லை. ஆனால் வருடம் போகப்போகப் புண் வருவது குறையும். குறுகுறுப்பு தொடங்கியது முதல் தோல் முழுவதும் ஆறும் வரை உறவு வேண்டாம். புண் இல்லாதபோதும் பரவக்கூடும் என்பதால் ஆணுறை அவசியம். அது ஆபத்தைக் குறைக்கும், முற்றாகப் போக்காது. அடிக்கடி வருபவர்களுக்குத் தினசரி வாலாசைக்ளோவிர் மாத்திரை உண்டு. அது துணைவருக்குப் பரவுவதையும் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. கழிப்பறை இருக்கையால் பரவாது.

கேள்வி: தனியார் மருத்துவமனைக்குப் போகக் கையில் பணமில்லை.

பதில்: அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் ஒவ்வொரு தொற்றுக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பொட்டலம் வைத்திருக்கிறார்கள். ஹெர்பீஸ் புண்ணுக்குச் சிவப்பு. இலவசம். கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.