நஞ்சு குறைந்த மரக்கறிக்கு ஊரவர் எப்படி ஒன்றுசேரலாம்?

திருகோணமலை டவுனில் இருந்துகொண்டு, நஞ்சு குறைந்த மரக்கறியை ஊர்த் தோட்டக்காரரிடமே நியாய விலைக்கு வாங்க எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

சங்கம், தலைவர், பதிவு எல்லாம் பிறகு. முதலில் உங்கள் ஒழுங்கையில் பத்து வீட்டைச் சேருங்கள். வாராவாரம் இத்தனை கிலோ கத்தரி, இத்தனை பிடி வல்லாரை எடுப்போம் என்று உறுதி கொடுத்தால்தான் நிலாவெளிப் பக்கத் தோட்டக்காரர் நம்பிப் பூச்சி மருந்தைக் குறைப்பார். புழு துளைத்த கத்தரியைச் சந்தையில் கழித்துவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் அவர் மருந்து அடிக்கிறார். ஆகவே ஓட்டை விழுந்ததையும் கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும். (இதிலேயே பாதி வீடு கழன்றுவிடும்.)

இரசாயன உரத்தை உடனே விடச் சொல்லி அவரை அவசரப்படுத்தாதீர்கள், 2021 இல் இலங்கையில் அதை ஒரேயடியாகத் தடைசெய்து பட்ட பாடு தெரியும்தானே. விலையைப் போகத் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள், தம்புள்ளை மொத்தச் சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாதபடி. தோட்டக்காரரைத் தேடிப் பிடிக்க, கமக்காரர் அமைப்புகளின் விபரம் கமநல சேவை நிலையத்தில் கிடைக்கும்.