முடிச்சு விழுந்த கேரட்டைக் கொட்டிவிடலாமா?

கேள்வி: உழவர் சந்தையில் ஊட்டி கேரட் மலிவாகக் கிடைத்ததே என்று இரண்டு கிலோ வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிக்கு மேல் கவட்டையாகப் பிரிந்திருக்கிறது. மெல்லிய வேர்களில் மணி மணியாக முடிச்சு. மண்ணிலுள்ள நூற்புழுவின் வேலை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளைகள் ஏற்கெனவே பச்சையாகத் தின்றுவிட்டார்கள். வயிற்றில் புழு வருமா? மீதியைக் கொட்டிவிடவா?
வாசகி, ஈரோடு

பதில்: கொட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் வேர்முடிச்சு நூற்புழுவுக்குப் பொருந்துகிறது. (கல் நிறைந்த நிலத்திலும் கேரட் கவட்டையாக வளரும், ஆனால் இப்படி முடிச்சு விழாது.) ஊசி போன்ற வாயால் வேரைக் குத்திச் சாறு உறிஞ்சும் நுண்ணிய புழு அது. உயிருள்ள செடியில்தான் அதற்குப் பிழைப்பு. நம் குடலில் வாழாது, உணவோடு சேர்ந்து செரித்துப்போகும். இதேபோல வேரைத் தாக்கும் இன்னொரு வகையான, உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-லேயே கண்டறியப்பட்டது. நஷ்டப்பட்டது பாவம், விவசாயிகள்தான். கிழங்கைச் சாப்பிட்டவர்களை அது ஒன்றும் செய்யவில்லை.

பயப்பட வேண்டிய புழுக்கள் வேறு. உருண்டைப்புழு, சாட்டைப்புழு இரண்டும் நூற்புழு இனம்தான், ஆனால் மனிதக் குடலில் வாழ்பவை. மனிதக் கழிவு கலந்த மண்ணிலும் தண்ணீரிலும் இவற்றின் முட்டைகள் இருக்கும். உருண்டைப்புழு முட்டை ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில்கூடத் தாங்கும். முடிச்சே இல்லாத, வழவழப்பான கேரட்டிலும் இவை ஒட்டியிருக்கலாம் என்பதுதான் சிக்கல். உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் செத்துவிடும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள், முட்டையின் ஓடு அவ்வளவு கெட்டி. ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோல் சீவி, மறுபடியும் கழுவுங்கள். மலையிலிருந்து இயந்திரத்தில் கழுவி வரும் கேரட்டுக்கும் இது பொருந்தும். வேகவைத்துவிட்டால் கவலையே வேண்டாம். பச்சையாகச் சேர்க்கும் கொத்தமல்லி, முட்டைக்கோஸ் போன்றவற்றை இலை இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும். தோல் சீவ வழியில்லாததால் இவற்றில்தான் எனக்குக் கவலை அதிகம்.

அப்புறம், 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகத் தரும் குடற்புழு மாத்திரையை உங்கள் பிள்ளைகள் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். முடிச்சையும் கவட்டையையும் சீவிக் கழித்தால் எடை கணிசமாகக் குறையும். அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிளவுக்குள் கருத்தோ கொழகொழத்தோ இருந்தால் அது அழுகல். மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.