டொராண்டோ குளிரில் நம் ஊர் நாயை வெளியே அழைத்துப் போகலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து எங்கள் நாட்டு நாயோடு டொராண்டோவுக்குக் குடிவந்திருக்கிறோம். இது எங்களுக்கு முதல் பனிக்காலம். அவளை வெளியே அழைத்துப் போகலாமா, குளிர் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதா? எத்தனை டிகிரி வரை பயமில்லை?

பதில்:

தாராளமாக அழைத்துப் போங்கள். மதுரையில் குட்டியாக எடுத்து வளர்த்த என் மணியோடு டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஐந்து பனிக்காலம் கழித்துவிட்டேன். அவனும் உங்கள் நாயைப் போல ஒட்டிய முடிக்காரன்தான். நான்கு மாதம் வீட்டுக்குள் அடைத்துவைத்தால் குளிர் படாது, சரி. ஆனால் தெருவை மோந்து பார்க்காத நாள் நாய்க்கு ஒரு நாளே இல்லை. முதல் வருடம் பயந்துபோய் இரண்டு வாரம் அப்படி வைத்திருந்தேன். சோபா ஓரத்தைக் கடித்துக் குதறினான், ராத்திரியெல்லாம் கூடத்தில் மேலும் கீழும் நடந்தான். அந்தப் பாவத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.

எத்தனை டிகிரி என்று கேட்டிருக்கிறீர்கள். டிகிரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மைனஸ் 10இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 20 போலத்தான். வானிலைச் செயலியில் 'விண்ட் சில்' என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அந்த எண்ணைப் பாருங்கள். அதைவிட முக்கியம் ஈரம். மைனஸ் 8இல் வெயிலடிக்கும் காய்ந்த குளிரில் மணி துள்ளிக்கொண்டு வருவான். பூஜ்ஜியத்தை ஒட்டி மழையும் பனியுமாகச் சொதசொதவென்று விழும் நாளில்தான் பத்து நிமிடத்தில் நடுங்கிவிடுவான். முடிக்கு இடையில் அடைபட்டிருக்கும் காற்றுதான் நாய்க்குப் போர்வை. நனைந்தால் அந்தப் போர்வை போச்சு. பனிநாட்டு நாயான ஹஸ்கிக்கு அடியில் பஞ்சுபோல் இன்னொரு அடுக்கு முடி உண்டு. நம் ஊர் நாய்களுக்கு அது இல்லாததற்குச் சமம்.

அதனால் கோட் கட்டாயம். வாங்கும்போது முதுகை மட்டும் மூடுவதை வாங்காதீர்கள். முடி மிகக் குறைவாக இருப்பது நெஞ்சிலும் வயிற்றிலும்தான், அவையும் மூடியிருக்க வேண்டும். கோட் போட்டுக்கொண்டு, காற்றில்லாத மைனஸ் 5 வரை மணியோடு முக்கால் மணி நேரம் நடப்பேன். மைனஸ் 15 வரை கால் மணி, இருபது நிமிடம். மைனஸ் 20க்குக் கீழே போனால் வாசலில் இறக்கி, சிறுநீர் மலம் கழித்ததும் உள்ளே. இது என் நாயின் கணக்கு. உங்கள் நாய் ஒல்லியாகவோ, குட்டியாகவோ, வயதானவளாகவோ இருந்தால் இதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மணியின் முதல் ஜனவரி கதைக்கு வருகிறேன். ஒருநாள் தெருமுனைகூடத் தாண்டவில்லை, முன்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். பிறகு அடுத்த கால். கடைசியில் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். குளிருக்கு அடம்பிடிக்கிறான் என்று நினைத்து, "வா, வா" என்று இழுத்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்தபின் சாயங்காலம் முழுக்கப் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தான். ராத்திரி இரண்டு முறை வாந்தி. மறுநாள் கால்நடை மருத்துவர் விரலிடுக்கை விரித்துக் காட்டினார், தோல் சிவந்து வெடித்திருந்தது. குளிர் அல்ல, உப்பு என்றார். அவன் காலைத் தூக்கி என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தான், நான்தான் கேட்கவில்லை. இன்றும் நினைத்தால் மனசு கஷ்டப்படும்.

நாயின் பாதம் குளிரைத் தாங்கும்படிதான் அமைந்திருக்கிறது. பாதத்துக்குப் போகும் சூடான ரத்தக்குழாயும் அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தக்குழாய்களும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. போகிற ரத்தம் வருகிற ரத்தத்தைச் சூடாக்கி அனுப்புவதால் உடம்புச் சூடு எளிதில் இறங்குவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் உப்புக்கு எதிராக அந்தப் பாதத்திடம் ஒன்றும் கிடையாது. ஐஸ் உருகுவதற்காக இங்கே சாலை, நடைபாதை, கடை வாசல் எல்லாவற்றிலும் உப்பைக் கொட்டுகிறார்கள். சாதா உப்பு மைனஸ் 10ஐ நெருங்கும்போதே பலம் இழந்துவிடும் என்பதால், கடுங்குளிருக்குக் கால்சியம் குளோரைடு கலந்ததையும் போடுவார்கள். அது ஈரம் பட்டதும் சூடாகும். ஏற்கெனவே வெடித்த பாதத்தில் அது படுவதை யோசித்துப் பாருங்கள். நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது.

பூட்ஸ் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை முக்கால்வாசி தீரும். நான் வாங்குவது பலூன் போல மெல்லிய ரப்பரில் வருவது. அது குளிரைத் தடுக்காது, உப்பைத் தடுக்கும், தரையின் பிடிமானமும் அவனுக்குத் தெரியும். திரும்பியதும் கழற்றிவிடுங்கள், உள்ளே காற்றுப் போகாது. பூட்ஸை ஒரேயடியாக நான்கு காலிலும் மாட்டி வெளியே இறக்கினால் சிலையாக நின்றுவிடுவார்கள். வீட்டுக்குள் ஒரு காலில் மட்டும் மாட்டி, கோழித் துண்டு கொடுத்து, அடுத்த நாள் இன்னொரு கால் என்று போங்கள். மணிக்குப் பத்து நாள் ஆனது. ஒத்தே வராத நாய்களும் உண்டு. அவற்றுக்கு மஷர்ஸ் சீக்ரெட் போல மெழுகு தடவி அழைத்துப் போகலாம்.

எதைப் போட்டாலும் வீடு திரும்பியதும் கால் கழுவுவதை மட்டும் விடாதீர்கள். வாசலருகே ஒரு அகலமான டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு. நான்கு பாதமும் முக்கி, விரலிடுக்கில் உருண்டையாக ஒட்டியிருக்கும் பனி கரைந்ததும் ஒற்றித் துடைத்துவிடுங்கள். வயிற்றையும் துடையுங்கள், உப்புத் தண்ணீர் அங்கேதான் தெறிக்கும். படுக்கப் போகும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுவேன். இந்த ஊரில் அது கல்லாகக் கட்டியிருக்கும், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருகிவிடும்.

இந்த ஊர்ப் புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் டொராண்டோ நடைபாதையில் மின்கசிவு பட்டு நாய்கள் இறந்திருக்கின்றன. அதன்பின் நகரம் முழுக்க விளக்குக்கம்பங்களுக்கு அருகே தரையில் இருக்கும் மின்பெட்டிகளைச் சோதித்துச் சரிசெய்தார்கள். அதற்காகத் தெருவில் இறங்கவே பயப்பட வேண்டாம். ஆனால் விளக்குக்கம்பம், தரையிலுள்ள இரும்பு மூடி இவற்றைச் சுற்றிப் போங்கள். அங்கே நாய் திடீரென அலறித் துள்ளினால் கையால் தொடாமல் வாரைப் பிடித்து அப்பால் இழுங்கள்.

கார் நிறுத்துமிடத்தில் தேங்கியிருக்கும் பச்சை, ஆரஞ்சு நிறத் தண்ணீரை முகரக்கூட விடாதீர்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் அது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், கொஞ்சமே போதும், சிறுநீரகம் செயலிழந்துவிடும். தொடக்கத்தில் குடித்தவர் போலத் தள்ளாடும், பிறகு தேறிவிட்டது போலத் தெரியும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மாற்று மருந்து முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பலிக்கும். நக்கினானா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

உறைந்த குளம், ஓடை பக்கம் போனால் வார் கையில் இருக்கட்டும். பனி மூடிய பிறகு எது கரை, எது தண்ணீர் என்று நமக்கே தெரியாது. ஓடை ஐஸை நம்பவே கூடாது, அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நாய் உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்கிவிடாதீர்கள். சொல்வது எளிது, எனக்குத் தெரியும். ஆனால் அப்படி இறங்கி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள்.

எப்போது திரும்புவது என்பதை நாயே சொல்லிவிடும். காலைத் தூக்குவது, வாலை ஒடுக்குவது, வீட்டுப் பக்கம் திரும்பி நிற்பது, நடுக்கம். இதில் எது தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று, சோர்ந்து, கூப்பிட்டாலும் பார்க்காமல் இருந்தால் அது ஆபத்து. நாயின் உடம்பு வெப்பம் 38 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், 37க்குக் கீழே இறங்கிவிட்டால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். போகும் வழியில் கம்பளியில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை வயிற்றருகே வையுங்கள். காது நுனியோ வால் நுனியோ வெளிறி விறைத்திருந்தால் தேய்க்காதீர்கள், தோல் இன்னும் புண்ணாகும்.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். கழுத்தில் ஒரு விளக்குப் பட்டை போடுங்கள். உங்கள் காலுக்கும் கவனம் வேண்டும், ஐஸில் வழுக்காமலிருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை மலிவாகக் கிடைக்கும்.

இவ்வளவையும் படித்து மிரண்டுவிடாதீர்கள். புதுப்பனி விழுந்து காற்று அடங்கிய ஒரு மதியத்தில் மார்னிங்சைடு பூங்காப் பக்கம் அவளை அழைத்துப் போய்ப் பாருங்கள். மணி மூக்கைப் பனிக்குள் சொருகிக்கொண்டு உழுதுகொண்டே போவான், தலையைத் தூக்கும்போது மீசை முழுக்க வெள்ளை. நான் கோழித் துண்டுகளைப் பனிக்குள் புதைத்து வைப்பேன். ஒன்றுவிடாமல் தோண்டி எடுப்பான். கால் மணி நேரம் இப்படி விளையாடிவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் நடந்த களைப்போடு தூங்குவான். ஹீட்டரை ஒட்டிப் படுக்க மட்டும் விடாதீர்கள், சூடு பட்டுவிடும்.

பூட்ஸும் கோட்டும் இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த வாரமே வாங்கி, வீட்டுக்குள் பழக்க ஆரம்பித்துவிடுங்கள். பூட்ஸுக்கு அளவெடுக்கும்போது ஒரு தாளில் முன்கால் பாதத்தை அழுத்தி ஊன்றவைத்து வரைந்துகொள்ளுங்கள். தூக்கிப் பிடித்து அளந்தால் சின்னதாகக் காட்டும்.