கதை வழியாகப் போர்த்தந்திரம் கற்பித்த இராணுவ எழுத்தாளர் எவரேனும் உண்டா? அத்தகைய கதையால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. அவர் பெயர் எர்னஸ்ட் டன்லப் ஸ்வின்டன். 1868-இல் பெங்களூரில் பிறந்தவர். பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர்கள் எனப்படும் டச்சு வழிவந்த குடியேறிகளுக்கு எதிராக நடந்த போயர் போரில் பணியாற்றியவர். பின்னாளில், முதல் உலகப் போரில் டாங்கி உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

கேள்வியின் இரண்டாம் பகுதிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் அதிகாரித் தேர்வுக்குப் படிப்பவராகவோ என்.சி.சி. மாணவராகவோ இருக்கலாம், கதை படிப்பது வீண் என்று யாரேனும் உங்களிடம் சொல்லியிருக்கவும் கூடும். என்னிடமும் சொன்னார்கள்.

நான் காலாட்படையில் நாயக் என்ற கீழ்நிலைப் பதவியில் இருந்தபோது, ராஜஸ்தான் மணல்வெளியில் நடந்த ஒரு பயிற்சியில், வண்டித்தடம் ஒன்றைக் காக்கும் பொறுப்பு, பத்துப் பேர் கொண்ட என் செக்‌ஷனுக்கு வந்தது. உயரமான இடத்தில் பார்வை தெளிவாக இருக்கும் என்ற விதியை மனப்பாடம் செய்திருந்த நான், மணல்மேட்டின் உச்சியிலேயே மோர்ச்சா என்னும் காப்புக்குழியைத் தோண்டச் சொன்னேன். பத்துப் பேரும் இரவு முழுவதும் தோண்டினோம். விடிந்ததும் நடுவராக இருந்த அதிகாரி என்னை எதிரி வரக்கூடிய திசையில் நானூறு தப்படி நடத்திச் சென்று, திரும்பிப் பார்க்கச் சொன்னார். வெளுத்த வானத்தின் எதிரே என் பையன்களின் தலைகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. அள்ளிக் கொட்டிய ஈரமணல் கறுப்புக் கோடாக அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பத்துப் பேரும் இறந்தவர்கள் என்று அவர் குறித்துக்கொண்டார். வான்விளிம்பில் தெரியும்படி நிற்கக் கூடாது என்ற விதியும் அதே குறிப்பேட்டில் இருந்தது. அதையும் நான் மனப்பாடமாகச் சொல்வேன். இரண்டு விதிகளும் மோதும்போது எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதைத்தான் குறிப்பேடு சொல்லவில்லை.

அந்த வாரம் எங்கள் கம்பெனி அதிகாரி ஒருவர் ஸ்வின்டனின் ‘தி டிஃபென்ஸ் ஆஃப் டஃபர்ஸ் டிரிஃப்ட்’ என்ற மெல்லிய நூலைக் கொடுத்தார். அகராதியின் துணையோடு அதைப் படித்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. 1904-இல், ‘பேக்சைட் ஃபோர்தாட்’ என்ற புனைபெயரில் வெளிவந்த கதை அது. ஐம்பது வீரர்களுடன் ஓர் ஆற்றுத்துறையைக் காக்க விடப்படும் இளம் லெப்டினன்ட், அதே பணியை ஆறு கனவுகளில் ஆறு முறை செய்கிறான். ஒவ்வொரு முறையும் நடந்தது மறந்துவிடுகிறது. பாடம் மட்டும் நினைவில் நிற்கிறது. முதல் கனவில், அரண் அமைப்பதை நாளைக்கு என்று தள்ளிவைக்கிறான். முட்டையும் வெண்ணெயும் விற்க வரும் பண்ணைக்காரரை முகாமுக்குள் விடுகிறான். காவலர்கள் நெருப்பு வெளிச்சத்திலேயே நிற்கிறார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அடுத்து அகழி வெட்டினால் குண்டு முதுகுப்பக்கமிருந்து வருகிறது. அதைச் சரிசெய்தால் வேறொரு குறை வெளிப்படுகிறது. பின்னொரு கனவில் குன்றைப் பிடித்துக்கொள்கிறான். அங்கிருந்து பார்வைக்கு எட்டாத பள்ளம் எதிரிக்கு வழியாகிவிடுகிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் மணல்மேடு கண்முன் வந்தது. ஆறாவது கனவில்தான், ஆற்றுப் படுகையிலேயே கரையைக் குடைந்து ஒளிந்திருந்து, உதவிப் படை வரும்வரை தாக்குப்பிடிக்கிறான். அவன் முட்டாள் அல்லன். ஒவ்வொரு தவறும் அந்த நேரத்தில் நியாயமாகத் தோன்றிய ஒரு காரணத்தால் நேர்கிறது. எந்தக் குறிப்பேடும் தராதது அந்தக் காரணம்தான்.

இதைப் படித்ததும், காலனியப் போரைப் புகழ்கிறேன் என்று யாரேனும் பின்னூட்டம் இடக்கூடும். போயர் பண்ணைகள் கொளுத்தப்பட்டதையும், பெண்களும் குழந்தைகளும் முகாம்களில் மடிந்ததையும் நான் மறக்கவில்லை. அந்த மண்ணின் கறுப்பின மக்களைப் பற்றி இந்தக் கதை பேசும் விதமும் எனக்கு ஏற்புடையது அன்று. நான் பேசுவது கற்பிக்கும் முறையைப் பற்றி மட்டுமே. அமெரிக்க இராணுவமும் தன் இளம் அதிகாரிகளுக்கு இந்நூலைப் பாடமாக வைத்திருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு, என் மணல்மேட்டு இரவைத் தமிழில் கதையாக எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். சண்டையே நடக்காத இராணுவக் கதையை யார் படிப்பார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எல்லையில் உயிர்விடும் வீரனைப் பற்றி எழுதினால் நாம் ஏற்கிறோம். அவன் ஏன் உயிர்விட நேர்ந்தது, குழியை உச்சியிலிருந்து பத்தடி இறங்கித் தோண்டியிருந்தால் பிழைத்திருப்பானா என்று எழுதினால் அது கதையாகாது என்கிறோம். இந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்கள் அந்நூலைப் படிப்பதானால், ஒவ்வொரு கனவும் முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்து, அடுத்து எங்கே தோண்டுவீர்கள் என்று ஒரு தாளில் வரைந்துவிட்டுத் தொடருங்கள். நாயக்குக்கு அடுத்த மேல்பதவியான ஹவில்தார் ஆனபின் புதிய வீரர்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். என் மணல்மேட்டைத் தரையில் வரைந்து குச்சியைக் கையில் கொடுத்தால், முதல் நாளில் பெரும்பாலோர் நான் தோண்டிய அதே உச்சியைத்தான் தொட்டுக் காட்டுவார்கள்.